கடலுக்கடியில் ஒரு பலசரக்குக் கடை

132 வருடம் மண்ணுக்கடியில் கிடந்த ஊறுகாயை எடுத்துக் கடித்துப் பார்க்க உங்களுக்குத் துணிச்சல் வருமா? அமெரிக்காவில் ஒருவருக்கு வந்தது. ஆற்றில் மூழ்கிப்போன ஒரு நீராவிப் படகைத் தோண்டிக்கொண்டிருந்த குழுவில் அவரும் ஒருவர். கண்ணாடி ஜாடி ஒன்று மூடிய வாய் திறக்காமல் முழுசாகக் கிடைத்தது. உள்ளே பச்சை நிறம்கூட மாறாத வெள்ளரிப் பிஞ்சு ஊறுகாய். மனிதர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கெட்டுப்போகவில்லை, சாப்பிடுகிற மாதிரிதான் இருந்தது என்றார். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை!

அந்தப் படகின் பெயர் அரேபியா. அது மூழ்கியது 1856-ம் வருடம் செப்டம்பர் 5-ம் தேதி. அந்த வருடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே 1856-ல், ஜூலை 1-ம் தேதி, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் நம்ம ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அதே 1856-ல்தான் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் நீராவிக் கப்பல் விட ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதுதான் பிற்பாடு பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் என்று பெயர் மாறி, நம் தாத்தா, பாட்டன்களை ரங்கூனுக்கு ஏற்றிப்போனது.

ஆக, அமெரிக்காவில் ஒரு படகு சாமான்களோடு மூழ்கிய அந்த வருடத்தில், ராயபுரத்துக் கடற்கரையில் அதே மாதிரி சாமான்கள் மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருந்தன. அவர்களிடம் அந்தச் சாமான்கள் இன்றைக்கும் இருக்கின்றன. நம்மிடம் என்ன இருக்கிறது? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

சோளக்கொல்லைக்குள் கப்பல்

முதலில் அரேபியாவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மிசௌரி ஆற்றில் போய்க்கொண்டிருந்த துடுப்புச் சக்கரப் படகு அது. சுமார் 171 அடி நீளம். மேற்கே புதிதாக முளைத்துக்கொண்டிருந்த ஊர்களின் கடைகளுக்குச் சரக்கு ஏற்றிப்போனது. சாயங்காலம், பயணிகள் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம். தண்ணீருக்கடியில் ஒளிந்துகிடந்த ஒரு மரத்தின் அடித்தண்டு படகின் வயிற்றைக் கிழித்துவிட்டது. சில நிமிடங்களில் படகு உட்கார்ந்துவிட்டது. பயணிகள் எல்லோரும் தப்பித்தார்கள். கட்டிவைத்திருந்த ஒரு கோவேறு கழுதைதான் செத்துப்போனது.

பிறகு ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டது. படகு கிடந்த இடம் மேடாகி, வயலாகிவிட்டது. 1987-ல் ஒரு தகப்பனும் இரண்டு மகன்களும் நண்பர்களோடு சேர்ந்து, பழைய வரைபடங்களையும் இரும்பைக் கண்டுபிடிக்கிற கருவியையும் வைத்துக்கொண்டு தேடினார்கள். ஆற்றிலிருந்து சுமார் அரை மைல் தள்ளி, ஒரு விவசாயியின் கொல்லையில், 45 அடி ஆழத்தில் படகு இருந்தது. ஊற்றெடுக்கும் தண்ணீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே, 1988-89 குளிர்காலத்தில் தோண்டினார்கள்.

தங்கம் கிடைக்கும், பீப்பாய் பீப்பாயாக விஸ்கி கிடைக்கும் என்றுதான் ஊருக்குள் பேச்சு. கிடைத்தது வேறு. பூட்ஸும் செருப்பும் மட்டும் 4,000-க்கு மேல். பீங்கான் தட்டுகள், சட்டைப் பொத்தான்கள், பாசிமணிகள், கதவுக் குமிழ்கள், ஆணிகள், கோடாலிகள், மருந்து புட்டிகள், காப்பிக்கொட்டை, வாசனைத் தைலம், அப்புறம் நாம் பார்த்த ஊறுகாய். ஒரு பலசரக்குக் கடையை அப்படியே தூக்கி மண்ணுக்குள் வைத்த மாதிரி!

எடுத்து விற்றுக் காசாக்கலாம் என்றுதான் அந்தக் குழு இறங்கியது. ஆனால் ஒவ்வொன்றாக மேலே வர வர, அவர்கள் மனது மாறிவிட்டது. ஒரு பொத்தானைக்கூட விற்கக் கூடாது, எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும் என்று முடிவுசெய்தார்கள். 1991-ல் கான்சாஸ் நகரத்தில் அதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள்.

ஏன் விற்கவில்லை? யோசித்துப் பாருங்கள். ஒரு ராஜாவின் வாள் எங்காவது ஓர் அரண்மனையில் பத்திரமாக இருக்கும். 1856-ல் ஒரு சாதாரணக் குடும்பத் தலைவி வாங்கிய கரண்டி எங்கே இருக்கும்? தேயும்வரை கிண்டியிருப்பார், பிறகு தூக்கிப்போட்டிருப்பார். விற்றுத் தீர்ந்த சாமான் எல்லாம் உபயோகத்தில் அழிந்துவிடுகிறது. விற்காமல் முழுகியதுதான் மிஞ்சுகிறது. ஒரு காலத்தின் கடைத்தெரு முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால், அப்படி ஒரு கப்பல் முழுகியிருந்தால்தான் உண்டு.

நம் பக்கத்துக் கடல் திருப்பித் தந்தவை

இதெல்லாம் அமெரிக்காவில் என்று நினைத்துவிட வேண்டாம். நம் பக்கத்துக் கடல்களும் இப்படிச் சிலவற்றைத் திருப்பித் தந்திருக்கின்றன.

கோவா கடலில் செயின்ட் ஜார்ஜ் பாறைத்திட்டு என்று ஓர் இடம். அங்கே தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் முக்குளித்துப் பார்த்தபோது கிடைத்தவை பீரங்கிகள் அல்ல. ஓடுகள்! நம் வீட்டுக் கூரையில் வேய்கிற அதே மங்களூர் ஓடு. கூரை முகட்டில் வைக்கிற முகட்டு ஓடு, புகைபோக்கிக்கான செங்கல், சாக்கடைக் குழாய், பங்களா வாசலில் தூண் தலைப்பாக வைக்கிற பூ வேலைப்பாட்டுத் துண்டுகள்கூட இருந்தன. எல்லாம் சுட்ட மண். ஓட்டின் மேல் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலையின் பெயரும் 1865 என்ற வருடமும் பதித்திருந்தன. அந்தப் பாதிரிமார்கள் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கிய வருடம் அது. கப்பலின் பெயர் என்ன, மாலுமி யார் என்பதெல்லாம் போய்விட்டது. ஓட்டின் முதுகில் இருந்த கம்பெனி முத்திரைதான் அது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு என்று காட்டிக்கொடுத்தது.

அதே கோவா கடலில் இன்னொரு திட்டில், ஆமி ஷோல்ஸ் என்ற இடத்தில், ஒரு நீராவிக் கப்பலே உடைந்து கிடக்கிறது. அதன் கொதிகலன்களும் இன்ஜின் பாகங்களும், அடுப்பின் உள்பக்கம் பதிக்கிற தீச்செங்கற்களும் தண்ணீருக்கடியில் இருக்கின்றன.

நம் தமிழ்நாட்டுக்கு வாருங்கள். பூம்புகாருக்கு எதிரே, ஏறக்குறைய 20 மீட்டர் ஆழத்தில் ஒரு சிதைந்த கப்பல். அதிலிருந்து எடுத்த ஈயக் கட்டிகளில் ‘டபிள்யூ பிளாக்கெட்’ என்ற ஆங்கிலேய வணிக முத்திரையும் 1791, 1792 என்ற வருடங்களும் இருக்கின்றன. இங்கிலாந்தின் ஈயச் சுரங்கத்திலிருந்து காவிரி முகத்துவாரம்வரை வந்த சரக்கு. ஈயம் என்றால் சும்மாவா? கூரை ஒழுகலை அடைக்க, தண்ணீர்க் குழாய் வார்க்க, துப்பாக்கி ரவை செய்ய என்று அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் ஈயம் வேண்டும்.

இன்னும் பழையது ஒன்று இலங்கையில் இருக்கிறது. அம்பாந்தோட்டைப் பக்கம் கொடவாய என்ற மீனவர் கிராமம். 2003-ல் அங்கே சங்கு எடுக்க முக்குளித்த உள்ளூர்க்காரர்கள், கடலடியில் ஒரு விசித்திரமான கல்லைப் பார்த்தார்கள். குட்டைக் கால்களோடு ஒரு மணை மாதிரி இருந்தது. வெளியே கொண்டுவந்து விவரம் தெரிந்தவர்களிடம் காட்டினார்கள். அது அரைக்கிற கல்! நம் அம்மிக்கு அக்காள் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே மீன் உள்ளிட்ட மங்கலச் சின்னங்கள் செதுக்கியிருந்தன. ஆராய்ந்தபோது, அந்தக் கப்பலே ஏறக்குறைய 2,000 வருடப் பழமை என்று தெரிந்தது. இந்தியப் பெருங்கடலில் இதுவரை அறியப்பட்ட கப்பல் சிதைவுகளிலேயே மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தது ஆராய்ச்சிக் கப்பல் அல்ல, சங்கு குளிக்கப் போனவர்களின் கண். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள், கடைசியில் மறுபடி வருகிறேன்.

ஒரு துக்கமான கதையும் உண்டு. 1885-ல் இன்டஸ் என்ற பி அண்ட் ஓ நீராவிக் கப்பல் முல்லைத்தீவுக் கடலில் மூழ்கியது. இந்தியத் தொல்லியல் துறையின் முதல் தலைவர் அலெக்ஸாண்டர் கன்னிங்காம் வருடக்கணக்கில் சேர்த்த பழம்பொருட்களில் ஒரு பகுதி அதோடு போய்விட்டது. அந்தக் கப்பலைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அவருடைய பெட்டிகளைப் பற்றித்தான் பேசுவார்கள். நியாயம்தான். ஆனால் அதே கப்பலில் பயணிகளின் டிரங்குப் பெட்டியும் சமையல்கட்டின் பாத்திரமும் கப்பல் கூலிகளின் துணிமூட்டையும் இருந்திருக்குமே! அவற்றுக்கு யார் பட்டியல் போட்டார்கள்?

துறைமுகமே இல்லாத துறைமுகம்

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

இன்றைக்கு ராட்சத கிரேன்கள் நிற்கிற சென்னைக்கு, ஒரு காலத்தில் துறைமுகமே கிடையாது. கப்பல் கரையிலிருந்து ஒன்றிரண்டு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆளும் சரக்கும் மசூலா படகில் கரைக்கு வர வேண்டும். மசூலா படகில் ஆணி ஒன்றுகூட இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் படகு உடையாமல் வளைந்துகொடுக்கும். எவ்வளவு கெட்டிக்கார வேலை பாருங்கள்! அந்தப் படகோட்டிகள் குடியிருந்த இடம்தான் ராயபுரம். அங்கே இருக்கிற புனித பேதுரு ஆலயம் அந்தப் படகோட்டிகளின் பணத்தில் எழுந்ததுதான்.

இப்படி அலையைத் தாண்டித்தான் சென்னைக்குள் எல்லாமே வந்தன. ஒயின் புட்டி, கண்ணாடி விளக்கு, இரும்புச் சட்டி, பியானோ, ரயில் தண்டவாளம், இன்ஜின் பாகம் எல்லாம். ஐஸ்கூட! அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்த ஐஸ் கப்பலேறி வந்து, அலையில் நனைந்து, கடற்கரை ஐஸ் ஹவுஸுக்குப் போனது. இன்றைய விவேகானந்தர் இல்லம்தான் அந்த ஐஸ் ஹவுஸ்.

வழியில் எத்தனை மூட்டை கடலில் விழுந்திருக்கும்? எத்தனை பெட்டி கவிழ்ந்திருக்கும்? புயல் வந்தால் கேட்கவே வேண்டாம். 1872 மே மாதப் புயலில் சென்னைக்கு எதிரே நங்கூரமிட்டிருந்த பல கப்பல்கள் கரையில் மோதிச் சிதறின. அதன் பிறகு, 1875-ல் வேல்ஸ் இளவரசரை வைத்துத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். சுவர் எழும்பி வேலை முடிகிற நேரத்தில், 1881 நவம்பரில் வந்த புயல் அதையும் உடைத்துப்போட்டது. மறுபடி கட்டினார்கள்.

இங்கேதான் வடசென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. நம் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. வருடத்தில் பெரும்பகுதி, அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகச் சுவர் அந்த மணலுக்குக் குறுக்கே நின்றது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரையை அலை தின்ன ஆரம்பித்தது. இன்றைக்குக் கரையோரம் கொட்டிக்கிடக்கிற கருங்கல் எல்லாம், எஞ்சியதைக் காப்பாற்றக் கொட்டியதுதான்.

ஆக, நம் ஊரில் இரண்டும் நடந்திருக்கிறது. ஒரு பக்கம் கடல் தரையாகிவிட்டது. ஒரு காலத்தில் அலை கோட்டைச் சுவருக்குக் கிட்டத்தில் அடித்தது. இன்றைக்கு நடுவில் ராஜாஜி சாலை இருக்கிறது, துறைமுகத்து நிலம் இருக்கிறது. சென்னைக் ‘கடற்கரை’ ரயில் நிலையத்தில் இறங்கி நின்று பாருங்கள், கடலே தெரியாது! பெயர் மட்டும் பழைய கரையை ஞாபகம் வைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் அலையில் விழுந்த பெட்டிகள், லாரி போகிற தார்ச்சாலைக்கு அடியில்கூடக் கிடக்கலாம், சோளக்கொல்லைக்கு அடியில் அரேபியா கிடந்த மாதிரி.

இன்னொரு பக்கம் தரை கடலாகிவிட்டது. ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை, பழைய கரையும் அதன் மேல் இருந்த குடிசைகளும் இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன. அங்கே கப்பல் மூழ்கவில்லை, ஊரின் ஓரமே மூழ்கியது. அடுப்பு, உரல், குடம் என்று வீட்டுச் சாமானும் கொஞ்சம் அதோடு போயிருக்கும்.

கடலுக்கும் மறதி உண்டு

அரேபியாவில் கிடைத்த செருப்புகளில் ஒரு வேடிக்கை. தோல் அப்படியே இருந்தது. ஆனால் பல ஜோடிகள் துண்டு துண்டாகக் கிடந்தன. காரணம், தைத்த நூல் பருத்தி. பருத்தி கரைந்துபோய்விட்டது! கம்பளி தப்பியது, பட்டு தப்பியது. பருத்தித் துணி மட்டும் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. செருப்புகளை மறுபடி தைத்துத்தான் காட்சிக்கு வைத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. சென்னை உலகத்துக்கு அனுப்பிய பெரிய சரக்கே பருத்தித் துணிதானே! கட்டம் போட்ட ‘மெட்ராஸ் கைக்குட்டை’ ஆப்பிரிக்காவரை போனது. வண்ணாரப்பேட்டை என்ற பெயரே, துணியை வெளுத்துக் கப்பலுக்கு அனுப்பிய வேலையால் வந்தது. அந்தத் துணி ஏற்றிய கப்பல் நூறு முழுகியிருந்தாலும், ஓடும் கிடைக்கும், ஈயமும் கிடைக்கும், புட்டியும் கிடைக்கும். நம் நெசவாளி நெய்த துணி கிடைக்காது. கடலை நம்பி இருந்தால், நம் ஆட்கள் செய்ததுதான் முதலில் காணாமல்போகும்.

அதனால்தான் கரையில் இருப்பதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்கிறேன்.

வடசென்னையின் கைகள் 150 வருடத்துக்கு மேலாக உலகத்துச் சாமானை எல்லாம் தொட்டு இறக்கியவை. மூட்டை கிழிந்தால் உள்ளே என்ன என்று மூக்குக்குத் தெரிந்துவிடும். இது மிளகாய், இது புகையிலை, இது உரம் என்று மூட்டை தூக்குபவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. நாட்டிலேயே அதுதான் முதல். அதன் பிறகு சரக்கு எல்லாம் பெட்டிக்குள் போய் சீல் வைக்கப்பட்டுவிட்டது. இன்றைக்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கிற டிரெய்லர் லாரிகளைப் பார்க்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஓட்டுகிற டிரைவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

மூட்டையைக் குத்தித் தூக்க வைத்திருந்த இரும்புக் கொக்கி எத்தனை வீட்டில் இருக்கிறது? ரங்கூனிலிருந்து வந்த தேக்குப் பெட்டி, பீங்கான் பரணி, எனாமல் தட்டு, கோலி சோடா புட்டி? 1870-களில் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய அந்தக் கோலி புட்டி, அது பிறந்த ஊரில் வழக்கொழிந்த பிறகும் நம் பெட்டிக்கடைகளில் ஓடிக்கொண்டிருந்தது. வீடு இடித்து அடுக்குமாடி கட்டும்போது, இதெல்லாம் ஒரே நாளில் காயலான் கடைக்குப் போய்விடுகிறது. கிலோ என்ன விலை என்பதோடு அதன் கதை முடிந்தது.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அமராவதிச் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன, பெருமைதான். ஆனால் 1856-ல் ராயபுரத்தில் இறங்கிய ஒரு சாதாரண விளக்கை, ஒரு பூட்டை, ஒரு தட்டை அது வந்து இறங்கிய கரையிலேயே வைத்துக் காட்ட வேண்டாமா? தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதில் இரண்டு அறை போதும்.

வலையில் வந்தால் என்ன செய்வது?

கொடவாயவில் கல்லைக் கண்டெடுத்தவர்களை ஞாபகம் வைத்திருக்கச் சொன்னேன் இல்லையா? நம் கடலடியை நன்றாக அறிந்தவர்கள் காசிமேட்டு மீனவ அண்ணன்மார்கள்தான். எங்கே வலை மாட்டும், எங்கே மீன் கூடும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். முழுகிய கப்பல் இருந்தால் அதைச் சுற்றி மீன் கூடும், வலையும் கிழியும். இரண்டுமே அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆகவே அவர்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால், இந்த நான்கு விஷயத்தையும் சொல்லிவையுங்கள்.

ஒன்று: பழைய பொருள் எது வந்தாலும் உடனே வெயிலில் காயவைக்காதீர்கள். வருடக்கணக்கில் உப்பு ஊறிய பொருள் அது. சட்டென்று காய்ந்தால் உள்ளே இருக்கிற உப்பு படிகமாக இறுகி, மண்பாண்டத்தின் மேல்பூச்சைப் பெயர்த்துவிடும். இரும்பு அடுக்கடுக்காக உதிரும். மரம் சுருங்கி வெடிக்கும். ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள், விவரம் தெரிந்தவர்கள் வரும்வரை அப்படியே இருக்கட்டும். அரேபியாவின் மரச்சாமான்களையும் ஈரம் போகாமல் வைத்திருந்து, வருடக்கணக்கில் பக்குவம் செய்துதான் காப்பாற்றினார்கள்.

இரண்டு: தேய்த்துக் கழுவாதீர்கள். ஒட்டியிருக்கிற சிப்பியைச் சுரண்ட வேண்டாம். அதற்கு அடியில் ஒரு கம்பெனி முத்திரையோ, ஒரு வருடமோ இருக்கலாம். கோவா ஓட்டைக் காட்டிக்கொடுத்தது அதுதான்.

மூன்று: எந்த இடத்தில் கிடைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போது படகிலேயே ஜிபிஎஸ் இருக்கிறது. அந்த எண்ணையும், பொருளின் போட்டோவையும் செல்போனில் வைத்துக்கொண்டால் போதும். இடம் தெரியாத பொருள் வெறும் பழைய சாமான். இடம் தெரிந்தால் அதற்குக் கீழே ஒரு கப்பலே கிடைக்கலாம்.

நான்கு: விற்பதற்கு முன் காட்டுங்கள். தரையில் புதைந்து கிடைக்கிற புதையலைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லிருந்தே சட்டம் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்களையும் தொல்பொருள்களையும் வெளிநாட்டுக்குக் கடத்தக் கூடாது என்பதற்கு 1972-ம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. மீன்வளத் துறை அலுவலகத்திலோ, அருங்காட்சியகத்திலோ, தொல்லியல் துறையிலோ சொன்னால் போதும்.

அதே நேரத்தில் அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. கொண்டுவந்து காட்டுகிற மீனவரைப் பத்து அலுவலகத்துக்கு அலையவிட்டு, ‘எங்கே திருடினாய்?’ என்கிற மாதிரி விசாரித்தால், அடுத்த தடவை அவர் நேராகக் காயலான் கடைக்குத்தான் போவார். அவருக்குப் போன டீசலும் கிழிந்த வலையும் சொந்தச் செலவு. ஒரு பாராட்டுச் சீட்டும், நியாயமான ஒரு வெகுமதியும், பொருளுக்குப் பக்கத்தில் கண்டெடுத்தவர் பெயரும் இருந்தால், கடலடியில் நமக்கு ஆயிரம் கண்கள் கிடைக்கும். எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் கடலைத் தூர்வாரும்போது மேலே வருகிற மண்ணை ஒருவர் நின்று பார்க்க ஏற்பாடு செய்தால் இன்னும் நல்லது.

இந்த ஞாயிற்றுக்கிழமை

கடலுக்குப் போகாத நமக்கும் வேலை இருக்கிறது. வீட்டில் பரண் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். பழைய பரணி, லாந்தர், தகர டப்பா, தாத்தாவின் துறைமுகப் பாஸ், ரங்கூன் பெட்டி, மடித்துவைத்த ஒரு கட்டம் போட்ட துணி, எதுவாக இருந்தாலும் சரி. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். இது எந்தக் கப்பலில் வந்தது, யார் கொண்டுவந்தார்கள், எதற்குப் பயன்பட்டது, என்ன விலை கொடுத்தார்கள்? அவர்கள் சொல்வதைப் பேரப்பிள்ளைகள் செல்போனில் பதிவுசெய்யட்டும். ஒரு சின்னச் சீட்டில் அந்த விவரத்தை எழுதி, பொருளோடு ஒரு நூலால் கட்டிவையுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், மை மங்கிவிடும். பென்சிலால் எழுதுங்கள்.

அதைச் செய்த பிறகு, அந்தப் பரணியில் தாராளமாக மாங்காய் ஊறுகாய் போடலாம். 132 வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.